கைப்பம்பா, பொத்தானா? 36 அடிப் பாய்மரப் படகில் டாய்லெட் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

செசபீக் விரிகுடாவில், மேரிலாண்டின் அன்னாபோலிஸ் நகரை ஒட்டிய ஒரு சிறு கழியில் நிற்கிறது இந்தப் படகு. 36 அடி நீளம், 1980களில் கட்டியது. உரிமையாளர்கள் அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. கோடையில் வார இறுதிகளில் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றுவார்கள். பேரப்பிள்ளைகளும் நண்பர்களும் வந்து தங்குவார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அன்னாபோலிஸ் பாய்மரப் படகுக் காட்சி முடிந்ததும் ஒரு பெருங்கூட்டம் குளிருக்குத் தப்பித் தெற்கே கிளம்பும். அந்தக் கூட்டத்தோடு ஒரு வருடம் தாங்களும் கிளம்பி ஃபுளோரிடா, பஹாமாஸ் என்று போய்வர வேண்டும் என்பது இவர்களுடைய திட்டம்.

படகில் ஒரே டாய்லெட். இடப்பக்கம், பாய்மரத்துக்குச் சற்று முன்னால், கதவைச் சாத்தினால் முழங்கால் இடிக்கிற அளவு அறை. கைப்பிடியை மேலும் கீழும் அடித்து இயக்கும் பம்பு. பக்கத்திலிருக்கும் சிறு நெம்பை ஒரு பக்கம் தள்ளினால் கடல் நீர் கோப்பைக்குள் வரும், மறுபக்கம் தள்ளினால் வெறுமனே வெளியேற்றும். கழிவு 75 லிட்டர் தொட்டிக்குப் போகிறது.

புகார்கள் இரண்டு. கைப்பிடி கல் மாதிரி இறுகிவிட்டது. அறை நாறுகிறது. மனைவிக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது; அடிக்க முடியவில்லை. மின்சார டாய்லெட் போடலாம் என்றார். கணவருக்கு மனம் வரவில்லை. "பாட்டரி செத்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். "பாட்டரி சாகும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது சாவது என் தோள்" என்றார் மனைவி.

என்னிடம் வந்தது இந்தச் சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டுத்தான். நான் முதலில் கேட்டது, ஹோஸைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பது. கையால் அடிப்பதா, மோட்டாரா என்று பேசும் பலர் டாய்லெட்டை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற குழாய், தொட்டி, காற்றுத்துளை எல்லாம் சேர்ந்ததுதான் டாய்லெட்.

கழற்றியபோது தெரிந்தவை

பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் ஹோஸ் உள்விட்டம் 38 மில்லிமீட்டர். நடுவில் அறுத்துப் பார்த்தோம். சுவரெங்கும் சாம்பல் நிறத்தில் கெட்டியான படிவு. மிச்சம் இருந்த ஓட்டை பெருவிரல் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. நம் ஊரில் போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு அடைத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடல் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. சிறுநீர் ஹோஸில் தேங்கி, அதிலுள்ள யூரியா சிதையும்போது காரத்தன்மை ஏறுகிறது. அப்போது அந்த உப்புகள் கரைசலிலிருந்து பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஹோஸை வளைத்ததும் தட்டுத்தட்டாக உதிர்ந்தது. பழைய ஆட்கள் இதைக் கழற்றி எடுத்துப் படகுத்துறைப் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்து உதிர்த்துவிட்டு மறுபடி மாட்டுவார்கள். இந்த ஹோஸுக்கு அந்த மரியாதைகூடத் தேவைப்படவில்லை, குப்பைக்குத்தான்.

ஆக, கைப்பிடி இறுகியதற்குப் பெரும் பங்கு பம்பு அல்ல. பெருவிரல் ஓட்டை வழியாகக் கழிவைத் தள்ள வேண்டியிருந்தால் எந்தப் பம்பும் இறுகத்தான் செய்யும். இதே ஹோஸில் மோட்டாரை மாட்டியிருந்தால் அது திணறி, ஃபியூஸ் போய், "மின்சாரமே வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே" என்று கணவர் சொல்லியிருப்பார்.

நாற்றத்துக்குக் காரணம் தேட இரண்டு எளிய சோதனைகள். ஒன்று, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸின் வெளிப்புறத்தில் நன்றாகத் தேய்த்து, ஆறியபின் துணியை முகர்ந்து பார்ப்பது. துணி நாறினால் ஹோஸின் சுவரையே ஊடுருவி நாற்றம் வெளியே வருகிறது என்று பொருள். இங்கே துணி நாறியது. இரண்டாவது, சில நாட்களுக்குக் கடல் நீரை இழுக்காமல், வாளியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி டாய்லெட்டைப் பயன்படுத்துவது. அப்படிச் செய்ததும் காலையில் முதல் முறை பம்படிக்கும்போது வந்த அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது.

பலரும் நம்பத் தயங்கும் இடம் இதுதான். அந்த வாடை மலத்திலிருந்து வரவில்லை, கழுவ வரும் நீரிலிருந்து வந்தது. கோடையில் செசபீக் நீர் சூடாகிவிடும். கொட்டும் ஜெல்லி மீன்கள் கூட்டமாக வரும். கடற்புல் துணுக்குகள் மிதக்கும். இவையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய், படகு சும்மா நிற்கும் வார நாட்களில் செத்து அழுகும். காற்றில்லாத அந்த நீரில் வாழும் பாக்டீரியாக்கள் உப்பு நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். சனிக்கிழமை காலை முதல் பம்பில் அது அப்படியே கோப்பைக்குள் வந்து விழும். கோப்பையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் என்ன பயன்? கடல் நீரால் கழுவும் மின்சார டாய்லெட் வாங்கியிருந்தாலும் இதே வாடை, ஒரு பொத்தானில் வந்திருக்கும்.

மின்சாரக் கணக்கு

கணவரின் பயம் பாட்டரி. அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 12 வோல்ட் டாய்லெட் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முறைக்கு ஓடுவது 15 வினாடி. அப்படியானால் 0.083 ஆம்பியர்-மணி. நாளுக்குப் பத்து முறை என்றாலும் ஒரு ஆம்பியர்-மணிக்குள் அடங்கிவிடுகிறது. நங்கூரம் போட்ட இரவில் பாய்மர உச்சியில் எரியும் 2 வாட் எல்.இ.டி. விளக்கு பத்து மணி நேரத்தில் 1.7 ஆம்பியர்-மணி எடுக்கும். படகின் குளிர்ப்பெட்டியோ ஒரு நாளில் 50 ஆம்பியர்-மணியைத் தாராளமாக விழுங்கும். பாட்டரியைக் கொல்வது டாய்லெட் அல்ல, குளிர்ந்த பீர்.

உண்மையான சிக்கல் ஒயரில் இருக்கிறது. ஸ்விட்ச் பலகையிலிருந்து டாய்லெட் அறைக்கு ஒயர் போகும் வழி ஐந்தரை மீட்டர். போய்வர 11 மீட்டர். அறையில் விளக்குக்காக ஏற்கெனவே போயிருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதிலிருந்தே இணைப்பு எடுத்துக்கொள்ளலாமே என்றார் கணவர். 20 ஆம்பியர் போகும்போது அந்த ஒயரிலேயே ஒன்றரை வோல்ட் விழுந்துவிடும். பாட்டரியில் 12.4 இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 10.9. மோட்டார் மெதுவாகச் சுற்றும், கழிவைச் சரியாக அரைக்காது, சூடாகும், ஒயரும் சூடாகும். 13 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். மின்சார டாய்லெட் சரியில்லை என்று கழற்றிப் போட்டவர்களில் எத்தனை பேர் விளக்கு ஒயரில் அதை ஓட்டினார்களோ!

தொட்டிதான் தட்டுப்பாடு

அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக் கூடாது. செசபீக் விரிகுடா முழுவதும் அந்த எல்லைக்குள் வருகிறது. கழிவைத் தொட்டியிலிருந்து நேராகக் கடலுக்குத் திருப்பும் வால்வு படகில் இருந்தால், அதை மூடிக் கைப்பிடியைக் கழற்றிவைக்க வேண்டும், அல்லது பூட்டு, அறுத்தால்தான் கழலும் பட்டை என்று ஏதாவது ஒன்றால் கட்டிவைக்க வேண்டும். கரையில் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் நிலையங்களுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மத்திய அரசு பணம் தருகிறது. அதனால் பல இடங்களில் கட்டணம் குறைவுதான். பணம் பிரச்சினை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே நிற்கிற வரிசை இருக்கிறதே, அதுதான் பிரச்சினை.

எனவே கேள்வி, ஒரு முறை பயன்படுத்தினால் தொட்டிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது. இங்கே ஹோஸின் உள்விட்டம் விளையாடுகிறது. 38 மில்லிமீட்டர் ஹோஸ் மீட்டருக்கு 1.1 லிட்டர் கொள்ளும். டாய்லெட்டிலிருந்து தொட்டிக்கு நான்கு மீட்டர். ஹோஸுக்குள்ளேயே நாலரை லிட்டர். கழிவு நடுவழியில் தங்காமல் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அந்த அளவு நீரைத் தள்ள வேண்டும். வெறும் காற்றை அடித்துத் தள்ளிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஹோஸ் மேல்நோக்கி ஏறும் இடத்தில் காற்று நீரைத் துளைத்துக்கொண்டு போய்விடும், நீர் திரும்ப இறங்கி நிற்கும். தோள் வலிக்கிறவர் நான்கு அடி அடித்துவிட்டு வந்துவிடுவார். மிச்சம் ஹோஸிலேயே கிடந்து படிவாகும், நாறும். இந்தப் படகில் நடந்தது அதுதான்.

மோட்டார் வகையில் கத்தி கழிவைக் கூழாக அரைத்துவிடுவதால் 25 மில்லிமீட்டர் ஹோஸ் போதும். அது மீட்டருக்கு அரை லிட்டர்தான் கொள்ளும். அதே நான்கு மீட்டருக்கு இரண்டு லிட்டர். இருவர் மட்டும் தங்கும் நாளில் சிறுநீருக்கு எட்டு முறை, மலத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டோம். கைப்பம்பில் சராசரி மூன்றரை லிட்டர் என்றால் 35 லிட்டர். அதோடு இருவரின் கழிவு மூன்று லிட்டர். 75 லிட்டர் தொட்டி இரண்டு நாளில் நிரம்பிவிடும். மின்சார வகையில் சிறு கழுவலுக்கு ஒன்றரை, பெரிய கழுவலுக்கு மூன்று லிட்டர் என்று பொத்தானை அமைத்தால் 18 லிட்டர், கழிவோடு சேர்த்து 21. தொட்டி மூன்றரை நாள் தாங்கும். வார இறுதிக்கு இது போதும். ஞாயிறு மாலை வரிசையில் நிற்காமல் வேறொரு நாள் போய்க் காலி செய்யலாம். மனைவியின் தோளுக்கு அடுத்தபடி என்னை மோட்டார் பக்கம் சாய வைத்தது இந்தக் கணக்குதான்.

மோட்டாருக்கு எதிராக

கைக்கு இருக்கிற உணர்ச்சி மோட்டாருக்குக் கிடையாது. தொட்டி நிரம்பிவிட்டாலோ அதன் காற்றுத்துளை அடைத்துக்கொண்டாலோ கைப்பிடி கனக்கும், அடிப்பவர் நிறுத்திவிடுவார். மோட்டார் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடைத்த தொட்டிக்குள் அழுத்தம் ஏறி ஏதாவது ஓர் இணைப்பு விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. அதனால் இரண்டு நிபந்தனை வைத்தேன். தொட்டி நிரம்பினால் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவை ஸ்விட்ச் வேண்டும். பென்சில் கனத்தில் இருக்கும் பழைய காற்றுக் குழாயை எடுத்துவிட்டு 25 மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும். தொட்டிக்குக் காற்று நன்றாகப் போனால் நாற்றமும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

விருந்தினர்கள் விஷயத்தில் இரண்டுமே சமம் என்பேன். கைப்பம்பில் அவர்கள் நெம்பைத் தவறான பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். மோட்டாரில் ஈரத்துடைப்பான் காகிதத்தைப் போடுவார்கள். முன்னது படகை மூழ்கடிக்கக்கூடும், பின்னது சனிக்கிழமையைக் கெடுக்கும்.

மூழ்கடிப்பது என்று சொன்னது மிகையல்ல. இந்த டாய்லெட் இடப்பக்கம் இருக்கிறது. காற்று வலப்பக்கத்திலிருந்து வீசும்போது படகு இடப்பக்கம் சாயும். கோப்பையின் விளிம்பு வெளியிலுள்ள நீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும். படகின் அடியில் உள்ளிழுக்கும் குழாயின் வால்வு திறந்திருந்து, நெம்பும் நீர் வரும் பக்கம் இருந்தால் சைஃபன் முறையில் கடல் தானாக உள்ளே வரும். இதைத் தடுக்க ஹோஸை நீர் மட்டத்துக்கு மேலே வளைத்துத் தூக்கி, உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு வைப்பார்கள். சாய்ந்த நிலையிலும் அது நீர் மட்டத்துக்கு 20 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். இடமும் முக்கியம். பம்புக்கு முன்னால் வைத்தால் பம்பு காற்றை உறிஞ்சும், நீர் வராது. பம்புக்கும் கோப்பைக்கும் இடையில்தான் வைக்க வேண்டும். இந்தப் படகில் அப்படி ஒரு வளைவே இல்லை. இத்தனை வருடம் மிதந்தது, ஒவ்வொரு முறையும் அடி வால்வை மூடிய கணவரின் ஒழுங்கால்.

வேறு வழிகள்

சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மலத்தைத் தென்னை நார்த்தூளோடு கிளறி வைக்கும் நீரில்லா டாய்லெட்டையும் பேசினோம். ஹோஸ் இல்லை, மோட்டார் இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது. சிறுநீர்க் குடுவையை ஓரிரு நாளுக்கு ஒருமுறை கரைக்குத் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும் என்றதும் மனைவி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பழைய கோப்பையை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் கழற்றி மோட்டார் பொருத்தும் மாற்றுப் பெட்டி கிடைக்கிறது. விலை குறைவு. ஆனால் அதுவும் கடல் நீரைத்தான் இழுக்கும், வாடை தீராது. மூடியைச் சாத்தி வெற்றிடத்தால் இழுக்கும் கைப்பம்பு வகை எனக்கு மிகவும் பிடித்தது. வால்வுகள் குறைவு, எளிதில் கெடாது. ஆனால் அதுவும் கடல் நீர், அதற்கும் தோள் வேண்டும்.

முடிவு

நன்னீரால் கழுவும் மின்சார டாய்லெட். குடிநீர்த் தொட்டியிலிருந்து வரும் நீர், கழிவு பின்னோக்கி ஏற முடியாதபடி தயாரிப்பிலேயே பாதுகாப்பு வைத்த வால்வு வழியாக வருகிறது. சாதாரண டாய்லெட்டுக்குக் குடிநீர்க் குழாயை நேராக இழுத்து மாட்டுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

கடல் நீரை உள்ளிழுத்த துளையைப் படகைக் கரையேற்றிய சமயத்தில் ஃபைபர் வைத்து நிரந்தரமாக அடைத்தோம். படகின் அடியில் ஒரு ஓட்டை குறைந்தது. சைஃபன் பயமும் போனது. கழிவு முழுவதும் தொட்டிக்கே போகிறது. மூன்று மைலுக்கு அப்பால் போகும்போது தொட்டியைக் காலி செய்ய மட்டும் தனியாக ஒரு கைப்பம்பு. அதன் வெளியேற்றக் குழாயில் வளைவும் உண்டு, பூட்டக்கூடிய வால்வும் உண்டு. கணவரின் கைப்பம்பு ஆசை அங்கே நிறைவேறியது.

பஹாமாஸில் என்ன செய்வது என்று அவர் விடவில்லை. நியாயமான கேள்வி. படகில் 300 லிட்டர் நன்னீர். குடிக்க, சமைக்க, குளிக்க நாளுக்கு 40 லிட்டர் என்றால் ஏழு நாளுக்கு மேல் வரும். டாய்லெட்டுக்கு 18 லிட்டர் சேர்ந்தால் ஐந்து நாள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தீவுகளில் இது வலிக்கும். அதற்காக மறுபடி ஓட்டை போடச் சொன்னார், நான் மறுத்தேன். நீர் விடவும் கழிவை வெளியேற்றவும் தனித்தனிப் பொத்தான் உள்ள வகையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒரு வாளி கடல் நீரை மொண்டு கோப்பையில் ஊற்றி, வெளியேற்றும் பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும். தினமும் புதிதாக மொண்ட நீர் என்பதால் குழாயில் தேங்கி அழுகவும் வழியில்லை.

இதே முடிவை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். தோள் நன்றாக இருக்கிற இருவர், டாய்லெட்டிலிருந்து தொட்டிக்கு ஒன்றரை மீட்டர் ஹோஸ், நீண்ட கடல் பயணம், சிறிய நன்னீர்த் தொட்டி என்றிருந்தால் புதிய கைப்பம்பு ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தை நல்ல ஹோஸுக்குச் செலவழிக்கச் சொல்லியிருப்பேன். நன்னீர் மின்சார வகையின் விலை கைப்பம்பு வகையைப் போல் மூன்று நான்கு மடங்கு. ஒயர், ஸ்விட்ச் செலவு வேறு.

ஒரு கோடை ஓடியபின்

நாற்றம் இல்லை. தொட்டிக் கணக்கு வார நாட்களில் சரியாக வந்தது. பேரப்பிள்ளைகள் வந்த நாட்களில் வரவில்லை, பொத்தான் அழுத்துவது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. மிதவை ஸ்விட்ச் ஒரு முறை வேலை செய்தது. எதிர்பாராத புகார், இரவுச் சத்தம். முன் அறையில் தூங்குபவருக்கு மோட்டார் தலைமாட்டில் அரைக்கிற மாதிரி கேட்கிறது. அடியில் ரப்பர் மெத்தை வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது. இரவில் சிறுநீருக்கு மட்டும் போனால் காலையில் அழுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்குள்ளேயே ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த விருந்தினர் காகிதமும் ஒரு முறை சிக்கியது. கைப்பம்பாக இருந்தால் நான்கு திருகைக் கழற்றி அரை மணியில் எடுத்திருக்கலாம். இதில் மோட்டாரையே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. குனிந்து உட்கார்ந்து அதைச் செய்த கணவர் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பராமரிப்பில் இரண்டு வேலை மிஞ்சுகிறது. கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஜோக்கர் வால்வு என்ற ரப்பர் வாயை ஒவ்வொரு வசந்தத்திலும் மாற்றுவது; அது நாளடைவில் விறைத்து, மூடாமல் திறந்தே நின்றுவிடும். அப்புறம் குளிர்காலம். செசபீக்கில் நீர் உறையும். டிசம்பருக்குள் நன்னீர்க் குழாயை வடித்துவிட்டு, உறையாமல் காக்கும், புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை வால்வு, மோட்டார், ஹோஸ் எல்லாவற்றிலும் நிறம் தெரியும்வரை ஓட்ட வேண்டும். முன்பு அதைக் கோப்பையில் ஊற்றி அடித்தால் முடிந்தது. இப்போது நீர் விடும் வால்வுக்குள்ளும் போயாக வேண்டும் என்பதால் குடிநீர்ப் பம்பின் உள்ளிழுக்கும் முனையைக் கழற்றித் திரவக் குடுவைக்குள் விட்டு ஓட்டுகிறார்கள். அதற்குக் கூடுதலாக இரண்டு குடுவை வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.